ஸ்பெயினுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதலில் ஒரே ஒரு வினைச்சொல்

கேள்வி:

வணக்கம். கணவருக்கு மாட்ரிடில் வேலை. நானும் பையனும் போன மாதம்தான் வந்து சேர்ந்தோம். ஒரு ஆப்பில் ஸ்பானிஷ் படிக்கிறேன். வார்த்தைகள் எப்படியோ மனதில் ஏறிவிடுகின்றன. வினைச்சொல்தான் பயமுறுத்துகிறது. ஒரே வினைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக அட்டவணை! எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? எங்கே தொடங்குவது? இங்கே முன்பே வந்து செட்டிலான அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்களேன்.

பதில்:

வாங்க தங்கச்சி. அந்த அட்டவணையை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதில் பாதிக்கு மேல் முதல் வருஷத்தில் உங்கள் வாயில் வரவே வராது. ஒரே ஒரு ஒழுங்கான வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகங்கள் 'பேசு' என்ற வினையைக் கொடுக்கும். நான் 'வேலை செய்' என்பதைச் சொல்வேன், ஏனென்றால் இங்கே யாரைப் பார்த்தாலும் எங்கே வேலை, என்ன வேலை என்றுதான் பேச்சு தொடங்கும். ஸ்பானிஷில் அது திரபஹார். 'ஹ' வரும் இடத்தில் தொண்டையைக் கொஞ்சம் உரசிச் சொல்லுங்கள். 'த' நம்முடைய 'த' மாதிரியே, பல்லில் நாக்கு பட வேண்டும்.

கீழே நான் எழுதும் ஸ்பானிஷ் சொற்களுக்கு ஒரு விதி உண்டு: நெடில் எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் அழுத்தம். மற்ற எல்லாம் குறில். ஏன் இவ்வளவு கறாராக எழுதுகிறேன் என்பது பின்னால் புரியும்.

நிகழ்காலம்: திரபாஹொ (நான்), திரபாஹஸ் (நீ), திரபாஹ (அவன், அவள்), திரபஹாமொஸ் (நாங்கள்), திரபஹாய்ஸ் (நீங்கள் எல்லாரும், நெருக்கமானவர்களிடம்), திரபாஹன் (அவர்கள்).

நம் ஆட்கள் ஸ்பானிஷை இங்கிலீஷ் வழியாகப் படிப்பதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். இங்கிலீஷில் 'நான்' என்று சொல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழில் 'வேலை செய்கிறேன்' என்றாலே போதும், அந்த '-ஏன்' யாரென்று சொல்லிவிடும். திரபாஹொ என்பதன் கடைசி 'ஒ' செய்வதும் அதே வேலைதான். எனவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'யோ, யோ' (நான், நான்) என்று போடாதீர்கள். 'நான்தான்' என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் போடுங்கள்.

படர்க்கையில் ஆண், பெண் வேறுபாடு வினையில் கிடையாது. அது நமக்கு லாபம். மரியாதையாக ஒருவரிடம் பேசும்போதும் இதே திரபாஹதான். முன்னால் வேண்டுமானால் 'உஸ்தேத்' என்று சேர்த்துக்கொள்ளலாம். 'தோந்தெ திரபாஹ?' என்று அரசு அலுவலகத்தில் கேட்டால் 'எங்கே வேலை செய்கிறீர்கள்?' என்று பொருள். வேறு யாரையோ கேட்கிறார் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.

'-ஏர்', '-ஈர்' என்று முடியும் வினைகளும் உண்டு. கொமேர் என்றால் சாப்பிடுவது, பிபீர் என்றால் வசிப்பது. 'அ' இருந்த இடத்தில் 'எ' வரும், அவ்வளவுதான்: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென். பிபீர் இதிலிருந்து இரண்டே இடத்தில்தான் விலகும்: பிபீமொஸ், பிபீஸ். ஒன்றை நன்றாகப் பிடித்துவிட்டால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடும்.

அடுத்து எதிர்காலம். இதற்குத் தனி வடிவம் இருக்கிறது (திரபஹரே, திரபஹராஸ், திரபஹரா...). ஆனால் அன்றாடப் பேச்சுக்கு அவசரமில்லை. 'பொய் அ திரபஹார்' என்றால் 'வேலை செய்யப் போகிறேன்'. அந்த 'பொய்' போவதைக் குறிக்கும் வினைதான், நம் பொய் இல்லை! நாமும் இப்படித்தானே சொல்கிறோம்: 'போகிறேன்' என்பதை ஒட்டவைத்து எதிர்காலத்தை முடித்துவிடுகிறோம். பொய், பாஸ், பா, பாமொஸ், பாய்ஸ், பான் என்ற ஆறையும் கற்றுக்கொண்டால் எந்த வினைக்கும் எதிர்காலம் தயார்.

இறந்தகாலத்தில்தான் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். தமிழில் 'வேலை செய்தேன்' என்று ஒரே வீச்சில் சொல்வதை இவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

இன்று, இந்த வாரம், இந்த வருஷம் என்று இன்னும் முடியாத காலத்துக்குள் நடந்தது என்றால் 'எ திரபஹாதொ'. முன்னால் வரும் துணைவினை மட்டும் மாறும்: எ, அஸ், அ, ஏமொஸ், அபேய்ஸ், அன். பின்னால் உள்ள திரபஹாதொ அசையாது. அதனால் இதுதான் ரொம்பச் சுலபம், முதலில் இதையே படியுங்கள்.

நேற்று, போன வருஷம் என்று முடிந்துபோனது என்றால் திரபஹே, திரபஹாஸ்தெ, திரபஹோ, திரபஹாமொஸ், திரபஹாஸ்தெய்ஸ், திரபஹாரொன்.

முன்பெல்லாம் வழக்கமாகச் செய்தது, அல்லது அப்போது செய்துகொண்டிருந்தது என்றால் திரபஹாப, திரபஹாபஸ், திரபஹாப, திரபஹாபமொஸ், திரபஹாபைஸ், திரபஹாபன். 'சென்னையில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று பழைய கதை சொல்ல இதுதான் வேண்டும். வேலை தேடும்போது இது அடிக்கடி வரும்.

இதில் ஊர் வழக்கும் கலக்கும். கலீசியா, அஸ்தூரியாஸ் பக்கம் 'இன்று' நடந்ததற்கும் திரபஹே என்றே சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் அப்படித்தான். மாட்ரிடில் 'எ திரபஹாதொ' என்று பழகுவது நல்லது.

மறுபடி கேள்வி:

ரொம்ப நன்றி அக்கா. ஆனால் 'சப்ஜங்டிவ்' என்று ஒன்று வருகிறதே, அதைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். பி1 (இடைநிலை) கட்டம் வரை தொடவே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

பதில்:

பாடத்திட்டத்தில் அது பி1-இல்தான் வரும், சரி. ஆனால் நீங்கள் பத்ரோன் (ஊரில் வசிப்போர் பதிவேடு) பதிவுக்கு அயுந்தமியேந்தொ (நகராட்சி அலுவலகம்) போகும் முதல் நாளே அது உங்கள் காதில் விழும். ஊழியர் 'பாஸெ' என்பார்: உள்ளே வாங்க. 'எஸ்பேரெ': காத்திருங்கள். 'ரெயேனெ': இதை நிரப்புங்கள். 'ஃபீர்மெ அகீ': இங்கே கையெழுத்துப் போடுங்கள். மருத்துவர் 'ரெஸ்பீரெ' என்றால் மூச்சை இழுத்துவிடச் சொல்கிறார். மருந்துக்கடையில் 'தோமெ' என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் சப்ஜங்டிவின் வடிவங்கள்தான். மரியாதையாகச் சொல்லும் கட்டளைக்கு ஸ்பானிஷ் அதைத்தான் பயன்படுத்துகிறது.

தமிழில் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பள்ளித் தேர்வுத்தாளில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக', 'விடை எழுதுக' என்று இருக்குமே, அந்த வியங்கோளை நினைத்துக்கொள்ளுங்கள். ரெயேனெ என்பது 'நிரப்புக'. 'எழுதுக' என்பது எஸ்க்ரீப. வியங்கோள் வாழ்த்தவும் செய்யும் இல்லையா? 'வாழ்க!' என்று நாம் கோஷம் போடும் இடத்தில் இவர்கள் 'பீப!' என்கிறார்கள், அதுவும் பிபீர் வினையின் சப்ஜங்டிவ்தான். ஏவல், வாழ்த்து, வேண்டுதல் மூன்றும் ஒரே வடிவத்துக்குள் அடங்குவது நம் இலக்கணத்திலும் உண்டு. இவர்கள் அதை இன்னும் கொஞ்ச தூரம் நீட்டுகிறார்கள்.

வடிவம் செய்வது சுலபம். உயிரெழுத்தை இடம் மாற்றுங்கள். '-ஆர்' வினைக்கு 'அ' போய் 'எ' வரும். '-ஏர்', '-ஈர்' வினைகளுக்கு 'எ' போய் 'அ' வரும். திரபாஹெ, திரபாஹெஸ், திரபாஹெ, திரபஹேமொஸ், திரபஹேய்ஸ், திரபாஹென். இன்னொரு பக்கம் கோம, கோமஸ், கோம...

பிள்ளையிடம் 'செய்யாதே' என்று சொல்லவும் இதே வடிவம் வேண்டும். 'சாப்பிடு' என்பது கோமெ. 'சாப்பிடாதே' என்பது 'நொ கோமஸ்'. இந்த ஒன்றைப் பையன் உங்களுக்கு முன்பே பூங்காவில் கற்றுக்கொண்டு வந்துவிடுவான் பாருங்கள்.

இன்னொரு முக்கியமான இடம்: 'க்வாந்தொ'. இன்னும் நடக்காததைப் பற்றி 'எப்போது நடக்கிறதோ அப்போது' என்று சொன்னால் சப்ஜங்டிவ் வரும். 'க்வாந்தொ யேகெ ல தர்ஹேத' என்றால் 'கார்டு வந்ததும்'. நாமும் இன்னும் வராத கார்டை 'வந்ததும்' என்று இறந்தகாலம் போலத்தான் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. அலுவலகத்தில் இப்படிச் சொன்னால் கார்டு தயார் என்று நினைத்துக் கையை நீட்டாதீர்கள்.

'ஒருவேளை இங்கே வேலை பார்த்தால்' என்று கற்பனையாகச் சொல்ல 'ஸி திரபஹார அகீ' என்று ஒரு வடிவம் உண்டு. திரபஹாஸெ என்றும் அதையே சொல்லலாம். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிபந்தனையில் வரும் '-ரீய' மட்டும் இப்போதே ஒட்டிக்கொள்ளட்டும்: 'மெ குஸ்தரீய' என்று தொடங்கினால் 'எனக்கு விருப்பம்' என்று பணிவாகக் கேட்கலாம். கடையிலும் வீட்டு ஏஜென்டிடமும் ரொம்பப் பயன்படும்.

இப்போது அந்த நெடில் விஷயம். தமிழில் அழுத்தத்தை வைத்து ஒரு சொல்லின் பொருள் மாறாது. நமக்குக் குறிலா நெடிலா என்பதுதான் கணக்கு. ஸ்பானிஷில் அழுத்தம் இடம் மாறினால் காலமும் ஆளும் மாறிவிடும். ஃபீர்மெ என்றால் 'கையெழுத்துப் போடுங்கள்', ஃபிர்மே என்றால் 'கையெழுத்துப் போட்டேன்'. பாகெ என்றால் 'பணம் கட்டுங்கள்', பகே என்றால் 'கட்டிவிட்டேன்'. திரபாஹொ என்றால் 'வேலை செய்கிறேன்', திரபஹோ என்றால் 'அவர் வேலை செய்தார்'. வீட்டுக்காரரிடம் வாடகையைக் கட்டிவிட்டதாகச் சொல்லப்போய், 'நீங்கள் கட்டுங்கள்' என்று அவருக்கே உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்!

ஸ்பானிஷில் எழுதும்போது இந்த அழுத்தத்தைக் காட்ட உயிரெழுத்தின் மேல் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் படித்தால் அது கண்ணில் படாது. வாட்ஸ்ஆப்பில் உள்ளூர்க்காரர்களே பலர் அதைப் போடுவதில்லை. அதனால் நோட்டில் தமிழில் எழுதிப் படியுங்கள் என்பேன். அழுத்தம் வரும் இடத்தில் நெடில் போட்டு, கொஞ்சம் இழுத்து வாய்விட்டுச் சொன்னால் கேட்பவருக்குச் சரியாகவே விழும். திரபஹார ('வேலை செய்தால்' என்ற கற்பனை), திரபஹரா ('வேலை செய்வார்') இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பாகெ, பகே போன்றவற்றில் எழுத்துக்கூட்டல் மாறும். நடுவில் ஒரு 'யு' நுழையும். உச்சரிப்பு மாறாமல் இருக்கத்தான் அந்த மாற்றம். அதைப் பார்த்து 'இது ஒழுங்கற்ற வினை' என்று பட்டியலில் இருந்து தள்ளிவிடாதீர்கள்.

இன்னொருவர் கேட்டது:

அக்கா, நான் கானரித் தீவுகளில் இருக்கிறேன். இங்கே யாரும் அந்த '-ஆய்ஸ்' வடிவத்தைச் சொல்லிக் கேட்டதில்லை. படிக்க வேண்டுமா? குடியுரிமைத் தேர்வுக்கும் இது வருமா?

பதில்:

கானரித் தீவுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு உஸ்தேதெஸ் போட்டு 'திரபாஹன்' என்றே சொல்வார்கள். நீங்களும் அப்படியே பேசுங்கள், புரிந்தால் போதும் என்ற அளவில் '-ஆய்ஸ்' தெரிந்தால் சரி. அர்ஜென்டினாக்காரர் யாராவது நண்பரானால் 'நீ வேலை செய்கிறாய்' என்பதைத் 'திரபஹாஸ்' என்பார். அழுத்தம் கடைசிக்குப் போய்விடும். அதுவும் பிழையல்ல.

குடியுரிமைக்கு இரண்டு தேர்வுகள், இரண்டையும் செர்வாந்தஸ் நிறுவனம் (ஸ்பெயின் அரசின் ஸ்பானிஷ் மொழி நிறுவனம்) நடத்துகிறது. மொழிக்கு டெலே என்ற தேர்வில் ஏ2 (அடிப்படை) நிலை. அரசமைப்பு, சமூகம் பற்றி சிசிஎஸ்இ. 2015-இல் வந்த சட்டத்தில் இருந்துதான் இந்த ஏற்பாடு. சிசிஎஸ்இயில் 25 கேள்விகள், 15 சரியாக இருந்தால் தேறலாம். டெலேயில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் ஒரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 வேண்டும். ஒன்றில் அள்ளிக் குவித்து மற்றதை ஈடுகட்ட முடியாது. ஏ2-க்கு நிகழ்காலமும் மேலே சொன்ன மூன்று இறந்தகாலங்களும் கைவசம் இருக்க வேண்டும். நம்மவர்களுக்குப் பொதுவாகப் பத்து வருஷ வசிப்புக்குப் பிறகே விண்ணப்பிக்க முடியும், ஆகவே பதற்றம் வேண்டாம்.

அட்டவணையின் கடைசியில் திரபஹாரெ என்று ஒரு வரிசை இருக்கும், எதிர்கால சப்ஜங்டிவ். பேச்சில் செத்துப்போன வடிவம். தண்டனைச் சட்டத்தில் 'கொலை செய்பவர்' என்று தொடங்கும் பிரிவில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. வக்கீலாகப் போவதாக இருந்தால் தவிர அந்த வரிசையைப் பேனாவால் அடித்துவிடலாம்.

வகுப்புக்கு ஆசைப்பட்டால் எஸ்க்வேல ஒஃபிஸியால் தெ இதியோமஸ் என்ற அரசு மொழிப்பள்ளிகளை விசாரியுங்கள். தனியார் வகுப்புகளைவிடக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவுத் தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பார்சிலோனா பக்கம் குடியேறுபவர்கள் பிள்ளையின் பள்ளிக்குக் கத்தலான் மொழியும் தேவைப்படும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வினை முடிவுகள் வேறு, அதற்குத் தனி நோட்டு போடுங்கள்.