மறு: உள்ளூர் நூலகமா, பொறிசார் நிரலகமா?

தேவகோட்டை அண்ணனுக்கு வணக்கம்.

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் 'நேட்டிவ் லைப்ரரி' என்பதற்கு 'உள்ளூர் நூலகம்' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள்தான் நினைவுக்கு வந்தன. (அவையும் இப்போது சென்னையில்!) சரி, விளையாட்டு இருக்கட்டும். 'லோக்கல்' என்பதற்குத்தான் 'உள்ளூர்' என்று ஏற்கெனவே போட்டு வருகிறோம். இது வேறு சங்கதி. நேட்டிவ் லைப்ரரி என்பது சி, ரஸ்ட் போன்ற நிரல்மொழியில் எழுதி, குறிப்பிட்ட நுண்செயலிக்கும் இயங்குதளத்துக்கும் என்றே தொகுத்த எஸ்ஓ கோப்பு (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் .so கோப்பு). பொறி மாறினால் ஓடாது.

காரைக்குடியில் உட்கார்ந்து உபுண்டு 22.04 மடிக்கணினியில் தொகுக்கிறோம். அதில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நிரலகம்) 2.35. அமேசானின் மேகச் சேவையான லாம்டாவின் பைத்தான் 3.11 சூழலில் இருப்பதோ 2.26. மேகத்தில் ஏற்றியதும் 'ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை' என்று பிழை வருகிறது. பையன்கள் பாவம், பைத்தான் நிரலையே புரட்டிக்கொண்டிருப்பார்கள். இன்டெல் வகை நுண்செயலிக்குத் தொகுத்ததை ஏஆர்எம் வகையில் போட்டாலும் ஏறாது. அதனால்தான் 'பொறிசார் நிரலகம்' என்கிறேன். பெயரைக் கேட்டதுமே 'எந்தப் பொறிக்கு?' என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

அப்படியானால் 'ஃபாரின் ஃபங்ஷன்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா என்று நேமத்தான்பட்டித் தங்கை கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கோப்பு ஒன்றுதான், பார்க்கும் இடம்தான் வேறு. பர்மாத் தேக்கு ரங்கூனில் உள்ளூர் மரம், கானாடுகாத்தானில் கப்பலில் வந்த சரக்கு. பொறிக்குச் சொந்தமானது பைத்தானுக்கு அயல். பள்ளிப் பாடநூலில் 'செயற்கூறு' இருப்பதால் 'அயற்செயற்கூறு' என்று வைக்கலாம். நாக்கு சுளுக்கிக்கொண்டால் 'அயற்கூறு' போதும்.

'அயல்' என்ற சொல்லை விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பைத்தானிலிருந்து சி நிரலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக அழைக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து என்ன வகை மதிப்பு வரும் என்று பைத்தானுக்குத் தெரியாது. நாம் ரெஸ்டைப் (திரும்பி வரும் மதிப்பின் வகை) குறிப்பிடாவிட்டால் 32 பிட் முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். வருவது 64 பிட் நினைவக முகவரியாக இருந்தால் பாதி வெட்டுப்பட்டு, நிரல் வேறெங்கோ போய் விழும். அயலார் என்று தெரிந்தால்தானே விசாரித்து உள்ளே விடுவோம்!

அப்புறம், பைத்தான் தொகுதிகளை நிறுவத் தயாராகக் கட்டித் தரும் 'வீல்' கோப்புக்குச் 'சக்கரம்' என்று யாரோ போட்டிருக்கிறீர்கள். வேண்டாமே. பைத்தான் தொகுதிக் களஞ்சியத்துக்குப் பாலாடைக்கட்டிக் கடை என்று செல்லப்பெயர் இருந்தது. இந்த வீல் அந்தக் கடையின் பாலாடைக்கட்டி வட்டு, வண்டிச் சக்கரம் இல்லை. வீல் என்றே இருக்கட்டும்.