புது ஷூ கடிக்குது, திங்கட்கிழமைக்குள்ள பழகணும். உதவி!

ராத்திரிப்பறவை: புது ஸ்னீக்கர் பயங்கரமா கடிக்குது. திங்கள்ல இருந்து புது ஆபீஸ், இதைத்தான் போட்டுப் போகணும். சீக்கிரம் பழக்க வழி சொல்லுங்க.

சுபா: எங்க கடிக்குது? குதிகாலா, சுண்டுவிரல் பக்கமா, மேல்பாதத்துலயா?

மடிப்பாக்கம் மணி: தேங்காய் எண்ணெய் தம்பி. ராத்திரி உள்பக்கம் தடவி வை, காலையில பட்டு மாதிரி இருக்கும். எங்க அப்பா அப்படித்தான் பண்ணுவார்.

ஓட்டக்காரன்: அப்பா போட்டது தோல் செருப்பு அண்ணே. தோல் எண்ணெய் குடிச்சு இளகும். மெஷ்லயும் சிந்தெடிக்லயும் கறைதான் மிஞ்சும். ப்ரோ, உங்களது என்ன மெட்டீரியல்?

தேடிப்பார்: வாராவாரம் இதே கேள்வி. அளவு இல்லை, மெட்டீரியல் இல்லை, சாக்ஸ் போட்டாரா தெரியாது. ஜாதகம் அனுப்பினா கணிச்சுச் சொல்லலாம். ஷூ வாங்குறப்பவே பொருந்தணும், அடிப்படை விஷயம் இது. பொருந்தலைன்னா திருப்பிக் கொடுங்க.

ராத்திரிப்பறவை: குதிகால். வெள்ளை கலர். சைஸ் 9. ஆஃபர்ல வாங்கினது, ரிட்டர்ன் கிடையாது.

ஓட்டக்காரன்: கலரை யார் கேட்டா? 9னா யூகேவா யூஎஸ்ஸா? ஆம்பளைங்க ஷூல யூஎஸ் 9னா பல பிராண்டுல யூகே 8தான். லேஸுக்கு அடியில இருக்குற ஷூ நாக்குக்கு உள்பக்கம் லேபிள்ல ரெண்டும் போட்டிருக்கும், பாருங்க.

பித்தவெடிப்பு: வெள்ளைக்காரன் அளவுல செஞ்சா நமக்கு எப்படிப் பொருந்தும்? நம்ம ஊர்க் கால் அகலம். அடையாறுல இருக்குற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எல்.ஆர்.ஐ.) 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் 79 இடங்கள்ல ஒரு லட்சம் பேருக்கு மேல கால் அளந்து இதைத்தான் சொன்னாங்க. 'பா'ன்னு இந்தியாவுக்கே தனி அளவு முறை வேணும்னு பரிந்துரையும் கொடுத்திருக்காங்க.

தேடிப்பார்: அகலம் பத்தலைன்னா சுண்டுவிரல்ல கடிக்கணும். அவர் குதிகால்னு எழுதியிருக்கார். பதிவைப் படிங்க.

பித்தவெடிப்பு: நீங்க யோசிங்க சார். அகலம் பத்தாம ஒரு சைஸ் ஏத்தி வாங்குறோம். யூகே கணக்குல ஒரு சைஸ்னா கிட்டத்தட்ட 8.5 மில்லிமீட்டர் நீளம். குதிகால் அதுக்குள்ள ஏறி இறங்கி உரசுது.

தேடிப்பார்: அவர் சைஸ் ஏத்தினார்னு எங்க சொன்னார்?

மடிப்பாக்கம் மணி: பா வரட்டும், அதுவரைக்கும் எண்ணெய்.

ஹீட்கன் ராஜா: ஹேர் டிரையர்ல சூடு காட்டி உடனே போட்டு நடங்க.

ஓட்டக்காரன்: சோல் பசை விட்டுடும், வேண்டாம். ராத்திரிப்பறவை, நடக்குறப்ப குதிகால் மேல தூக்குதா? தூக்கினா, கடைசியில லேஸ் கோர்க்காத ஓட்டை ஒண்ணு சும்மா இருக்கும் பாருங்க. லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாம, அதே பக்கத்து கடைசி ஓட்டைக்குள்ள வெளியிலிருந்து விட்டு சின்ன வளையம் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் பண்ணிட்டு, இந்தப் பக்க லேஸை அந்தப் பக்க வளையத்துல நுழைச்சு கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்க. கணுக்கால்கிட்ட பிடிக்கும், முன்பாதம் நெரியாது. கொஞ்சம் தடிச்ச சாக்ஸ் போட்டு சாயங்காலம் வீட்டுக்குள்ளயே நடங்க. அந்த நேரத்துல கால் லேசா வீங்கியிருக்கும், அப்பவும் ஒத்துவந்தா ஆபீஸ்லயும் பிரச்சினை இருக்காது.

சுபா: தோல் சிவக்கும்போதே மைக்ரோபோர் டேப் (மெடிக்கல்ல கிடைக்கிற பேப்பர் டேப்) ஒட்டிடுங்க. கொப்புளம் வந்திருந்தா உடைக்காதீங்க. சர்க்கரை இருக்குன்னா இந்த ஷூவை விட்டுடுங்க, கால் புண்ணோட விளையாடக் கூடாது.

பித்தவெடிப்பு: நான் சொன்ன அகல விஷயத்துக்கு இன்னும் பதில் வரல.

ராத்திரிப்பறவை: கடைசி ஓட்டை வேலை செய்யுது. டேப்பும் போட்டேன். தேங்க்ஸ்.

தேடிப்பார்: யூகேவா யூஎஸ்ஸா?

மடிப்பாக்கம் மணி: அவர் போயிட்டார் சார்.