நாடுகளின் நீர்ப் பயன்பாட்டை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி (புதுப்புனல்):
மனிதர் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் உலக அளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்கிறது. இந்தியாவில் அது 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. ஜெர்மனியிலோ மின் நிலையங்களும் தொழிற்சாலைகளுமே பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. இதை வைத்து, ஜெர்மனி சிக்கனமான நாடு, நம் உழவர்கள் நீரை வீணாக்குகிறார்கள் என்று சொல்லிவிடலாமா?

கார்முகில்:
சொல்லக் கூடாது. ஜெர்மனியின் பயிர்கள் பெரும்பாலும் மழையிலேயே விளைகின்றன. அந்த மழைநீர் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. தவிர, அனல்மின் நிலையம் குளிர்விப்பதற்காக ஆற்றிலிருந்து எடுக்கும் நீரில் பெரும்பகுதி சற்றுச் சூடேறி ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது. வயலுக்குப் பாய்ச்சிய நீரில் பெரும்பகுதியோ இலை வழியாகவும் மண்ணிலிருந்தும் ஆவியாகிப் போகிறது. எடுத்த நீர் வேறு, தீர்ந்த நீர் வேறு.

மணல்மேடு:
சவூதி அரேபியாவின் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத அந்த நாடு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை ஆழத்தில் தங்கியிருந்ததை இறைத்து, அரசு மானியத்தின் துணையுடன் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து, 1990களின் தொடக்கத்தில் அதை ஏற்றுமதியும் செய்தது. இறைத்த நீர் மீண்டும் ஊறாது என்பதால், 2008இல் உள்நாட்டுக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்து, இறக்குமதிக்குத் திரும்பியது. ஒரு கிலோ கோதுமைக்கு உலகச் சராசரியாக 1,800 லிட்டர் நீர் செலவாகிறது. ஆகவே கோதுமைக் கப்பல் வரும்போது அந்த நீரும் சேர்ந்தே வருகிறது. டோனி ஆலன் என்ற பிரிட்டன் அறிஞர் விளக்கிய இந்தக் கருத்தைத்தான் தமிழில் மறைநீர் என்கிறோம்.

புதுப்புனல்:
மிக்க நன்றி. அப்படிப் பார்த்தால், உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்யும் நாம் நிலத்தடி நீரையும் சேர்த்தல்லவா அனுப்பிக்கொண்டிருக்கிறோம்? பஞ்சாபை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

கார்முகில்:
கவலை நியாயமானதே. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட அதிகமான நிலத்தடி நீரை நாம் எடுக்கிறோம். கடுங்கோடையில் நெல் நடுவதைத் தடுக்கப் பஞ்சாப் அரசு 2009இல் சட்டமே இயற்றியது. ஆனால் நடவு தள்ளிப்போனதால், நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே உள்ள நாட்கள் சுருங்கி, நெல் தாளை வயலிலேயே எரிக்கும் நெருக்கடி கூடியது. நெல்லுக்குக் கிடைக்கும் உறுதியான கொள்முதல் விலை பருப்புக்கும் சோளத்துக்கும் கிடைக்காதவரை, பயிரை மாற்றச் சொல்லி உழவரை மட்டும் வற்புறுத்துவது நியாயமாகாது.