புதுப்பிப்பு: குப்பை லாரியில் விரலிழந்த அண்ணனின் இழப்பீடு

பேரூராட்சி ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான என் அண்ணன், 2022இல் குப்பை லாரியின் பின்கதவுக் கொக்கியில் சிக்கி வலது கை ஆள்காட்டி விரலை முழுவதும் இழந்ததையும், ஒப்பந்ததாரரும் பேரூராட்சி அலுவலகமும் ஒருவரையொருவர் கைகாட்டியதையும் முன்பு இங்கே எழுதியிருந்தேன். இழப்பீட்டை யாரிடம் கேட்பது என்ற அப்போதைய கேள்விக்கு இப்போது விடை கிடைத்துள்ளது.

எங்கள் ஊர் அப்போது ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்ததால், விபத்தின்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு அளித்திருந்தோம். அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு, வேலையை ஒப்பந்தத்தில் விட்டிருந்தாலும் முதன்மை வேலையளிப்பவரே (இங்கே பேரூராட்சி) இழப்பீடு தர வேண்டும் என்றும், பிறகு ஒப்பந்ததாரரிடம் அதை வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் அலுவலகத்தின் பேச்சு மாறியது.

கணக்கு இதுதான்: மாத ஊதியம் 12,000 ரூபாயில் 60 விழுக்காடான 7,200ஐ, 40 வயதுக்கு அச்சட்டம் தந்த பெருக்கு எண்ணான 184.17ஆல் பெருக்கி, ஆள்காட்டி விரல் இழப்புக்கு அதன் அட்டவணை தரும் 14 விழுக்காட்டை எடுத்தால் சுமார் 1,85,643 ரூபாய் வருகிறது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் உண்டு. வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத நிலையில், மேஸ்திரி கையெழுத்திட்ட கூலிச் சீட்டுகளை அண்ணி அரிசி டப்பாவுக்குள் பத்திரப்படுத்தியிருந்ததே எங்களைக் காப்பாற்றியது.

பணம் வந்துவிட்டது. அந்தக் கொக்கியை மட்டும் இன்னும் கம்பி சுற்றித்தான் ஓட்டுகிறார்கள். கையுறையும் மழைக்கால பூட்ஸும் கேட்டு அண்ணன் தனியாக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.