பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்: 36ஆம் அத்தியாயத்தில் சிக்கல்

2005 படத்தைப் பார்த்துவிட்டு ஜேன் ஆஸ்டினின் மூல நாவலை எடுத்தேன். மூன்று வாரமாக 36ஆம் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை (மூன்று பாகமாக எண்ணிட்ட பிரதியில் 2ஆம் பாகம், 13). தன்னைக் காதலிக்கும் டார்சியின் கடிதத்தை நாயகி எலிசபெத் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம். உரையாடலே இல்லை. எந்த வரி ஜேன் ஆஸ்டின் சொல்வது, எது எலிசபெத் மனதில் ஓடுவது என்று பிரியவில்லை. எல்லா இடத்திலும் மேற்கோள் குறி இருந்தாலாவது பிடித்துக்கொள்ளலாம். படம் இதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறது. அங்கே டார்சி காதலைச் சொல்வதே மழையில், நாவலில் ஹன்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள்.

பெயர்க் குழப்பத்தைப் பட்டியல் போட்டுத் தீர்த்துக்கொண்டேன்: வெறும் ‘மிஸ் பென்னட்’ என்றால் பெரும்பாலும் எலிசபெத்தின் அக்கா ஜேன், டார்சியின் நண்பன் பிங்லிக்குப் படத்தில் ஒரே சகோதரி, நாவலில் இன்னொரு சகோதரி மிஸஸ் ஹர்ஸ்டும் உண்டு. 1995 பிபிசி தொடரின் ஆறு பகுதிகளையும் பார்த்தாயிற்று. அது கடிதத்தைக் காட்சிகளாக்கிவிடுகிறது. ஒலிநூலில் வாசிப்பவர் குரலை மாற்றி அவரே முடிவு செய்துவிடுகிறார். அகராதி உதவாது, சொற்கள் கடினமில்லை.

ஆசிரியர் குரல் எது, எலிசபெத்தின் எண்ணம் எது என்று பக்கத்திலேயே குறிப்புப் போட்டுக் காட்டும் பதிப்பு எது?