ஹொட்டொட்டொகிசு: ஒரு பறவைக்கு இத்தனை எழுத்தா? எப்படிப் படிப்பது?

ஹைக்கூ ஒன்றில் ‘நேரம்’, ‘பறவை’ என்று இரண்டு காஞ்சி (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்து) எழுத்துகள் சேர்ந்து வருகின்றன. டொகிடொரி என்று படித்தால் ஐந்து அசை வரவேண்டிய இடத்தில் நாலுதான் வருகிறது. அடிக்குறிப்பு ஹொட்டொட்டொகிசு (ஒருவகைக் குயில்) என்கிறது. சரி என்று அதைக் கைப்பேசியில் அடித்தால் வேறு வேறு எழுத்துக்கூட்டங்கள் வந்து நிற்கின்றன, ஒன்றுக்கு ‘திரும்பிப் போவதே மேல்’ என்று பொருள் வேறு. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
எழுத்து எழுத்தாகத் தேடினால் கிடைக்காது. இது ஜுகுஜிகுன், அதாவது மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே வாசிப்பு. ‘இப்போது’, ‘நாள்’ இரண்டும் சேர்ந்தால் கியோ (இன்று) என்று படிக்கிறோமே, அதே கதை. பெயர் ஜப்பானியருடையது, எழுத்து சீனத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. கூவலை ஹொட்டொட்டொகி என்று கேட்டு, கராசு (காகம்), உகுயிசு (ஒரு பாடும் பறவை) மாதிரி கடைசியில் ‘சு’ சேர்த்தார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். நாற்று நடும் பருவத்தில் வந்து கூவுவதால் ‘நேரப் பறவை’.

பதில் 2:
‘திரும்பிப் போவதே மேல்’ சீனக் கதை. ஷூ நாட்டு மன்னன் டூ யூ அரியணையை விட்டுப் போய், செத்து இந்தப் பறவையாகி, ஊர் திரும்ப ஏங்கிக் கூவுகிறானாம். வாயின் உட்புறம் சிவப்பாக இருப்பதால் ரத்தம் கக்கும்வரை கூவும் என்றும் சொல்வார்கள். 1889இல் காசநோயால் ரத்தம் கக்கிய ஹைக்கூ கவிஞர் மசஓகா, ஷிகி என்று புனைபெயர் வைத்துக்கொண்டது அதனால்தான். ஷிகி என்பது இதே பறவைக்கான இன்னொரு எழுத்துக்கூட்டத்தின் சீனவழி வாசிப்பு.

கேட்டவர்:
அசை சரியாகிவிட்டது, நன்றி! அப்புறம் இன்னொன்று, பழைய வாகா (ஜப்பானிய மரபுக் கவிதை) ஒன்றில் கக்கோ என்ற குயிலின் எழுத்தைப் போட்டுவிட்டு மேலே ஹொட்டொட்டொகிசு என்று வாசிப்பு கொடுத்திருக்கிறார்கள். அச்சுப்பிழையா?

பதில் 1:
பிழை இல்லை. இன்றைக்குக் கக்கோ வேறு பறவை, ஆனால் பழைய கவிதையில் அந்த எழுத்தை ஹொட்டொட்டொகிசு என்றுதான் பெரும்பாலும் படிப்பார்கள். மன்யோஷூ என்ற பழைய கவிதைத் தொகுப்பில் மட்டும் 150 பாடல்களுக்கு மேல் இந்தப் பறவை வருகிறது! சந்தேகம் வந்தால் அசையை எண்ணுங்கள், ஜப்பானிய எண்ணிக்கையில் கக்கோ நாலு (க-க்-கொ-ஒ), ஹொட்டொட்டொகிசு ஐந்து (ஹொ-டொ-டொ-கி-சு).

பதில் 3:
இப்போதைய ஜப்பானியர் காதில் அந்தக் கூவல் ‘டொக்கியொ கியொகாகியொகு’ என்று விழுமாம், ‘காப்புரிமை அனுமதி அலுவலகம்’! அப்படி ஓர் அலுவலகமே அங்கே கிடையாது. தேடும்போது ஊதாப் புள்ளி போட்ட பூ வந்தால் பயப்படாதீர்கள், பறவையின் மார்புக் கோடுகளை நினைவூட்டுவதால் அதற்கும் இதே பெயர்தான்.