போஞ்சித் தண்டுத் துண்டு அமிலத்தில் நீளவில்லையே, ஏன்?

நானுஓயா_டீச்சர்:
உயர்தரப் பிள்ளைகளுக்கு அமில வளர்ச்சியை, அதாவது கலச்சுவர் புளித்தால் தளர்ந்து தண்டு நீள்வதை, காட்ட வேண்டும். இருட்டில் முளைத்த போஞ்சியின் வித்திலைக்கீழ்த்தண்டில் 10 மில்லிமீற்றர் துண்டுகள் வெட்டி, பாதியைத் தண்ணீரிலும் பாதியை வினாகிரி கலந்த பிஎச் 4.5 நீரிலும் போட்டேன். 3 மணித்தியாலத்தில் தண்ணீரில் கிடந்தவை கொஞ்சம் நீண்டன, அமிலத்தில் கிடந்தவை துவண்டுவிட்டன. அறை 16 பாகை. எங்கே பிழை?

கலச்சுவர்:
வினாகிரியில்தான், டீச்சர். பிஎச் 4.5இல் அசற்றிக்கமிலத்தில் பாதிக்கு மேல் அயனாகாமலே இருக்கும். ஏற்றமில்லாத அந்த மூலக்கூறு மென்சவ்வைத் தாண்டிக் குழியவுருவையே புளிக்க வைத்துவிடும். கலம் செத்தால் வீக்க அமுக்கமும், அதாவது உள்ளேயிருக்கும் தண்ணீர் சுவரைத் தள்ளும் அமுக்கமும், போச்சு.

அமிலம் வேண்டியது சுவருக்கு. செடியில் மென்சவ்விலுள்ள புரோத்தன் பம்பி ஐதரசன் அயனை வெளியே தள்ளுவதும் அதற்காகத்தான். சுவர் புளித்ததும் எக்ஸ்பான்சின் புரதம் செலுலோசு இழைகளின் பிடியைத் தளர்த்தும். அது கத்தரி இல்லை, எதையும் வெட்டாது. சுவரைத் தள்ளுவது உள்ளேயிருக்கும் தண்ணீர்.

பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் 10 மில்லிமோலர் சித்திரேற்றுத் தாங்கற்கரைசலில் ஒன்றை பிஎச் 4.5க்கும் மற்றதை 6.5க்கும் தயாரியுங்கள். வெறும் தண்ணீர் சரியான ஒப்பீடு ஆகாது. கொக்கி போல் வளைந்த நுனிக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள், அடித்தண்டு முதிர்ந்தது, நீளாது. வெட்டமுன் நுண்ணிய காபொரண்டம் தூளை (உரைக்கும் தூள்) ஈரவிரலில் தொட்டு நாலைந்து தரம் மெதுவாக உருவிக் கழுவுங்கள். புறத்தோல் மெழுகு இருந்தால் அயன் உள்ளே போகாது. கிண்ணங்களை 25 பாகை நீர்த்தொட்டியில் வையுங்கள், நுவரெலியாக் குளிரில் எல்லாமே மந்தம்.

ஹட்டன்_ஆய்வுகூடம்:
அளக்கும்போது பத்துத் துண்டையும் வரிசையாக முட்டவைத்து மொத்தமாக அளந்தால் அடிமட்டப் பிழை குறையும்.

இன்னொன்று: அவித்த துண்டு நீளவில்லை என்று காட்டி "பார், புரதம்தான்" என்று முடிக்க வேண்டாம். அவித்தால் கலமும் சாகிறதே! 1992இல் ஆய்வாளர்கள் வெள்ளரித் தண்டில் செய்தபோது, உறையவைத்து இளக்கிய செத்த சுவரையே பாரம் கொடுத்து இழுத்தார்கள். அமிலத்தில் நீண்டது. அவித்தது நீளவில்லை. வளரும் சுவரிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைச் சேர்த்ததும் திரும்ப நீண்டது.

நானுஓயா_டீச்சர்:
நன்றி. சுவர் தளர்ந்தால் கலம் பந்துபோல ஊதாமல் நீளமாக மட்டும் போவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்களே?

கலச்சுவர்:
பீப்பாவுக்கு வளையம் போட்டதுபோல செலுலோசு இழைகள் குறுக்கே சுற்றியிருக்கின்றன. அந்த இழையை நெய்யும் நொதியம் மென்சவ்வில் ஓடும், அதற்குத் தண்டவாளம் உள்ளே தியூபியூலின் புரதத்தாலான நுண்புன்குழாய். தண்டவாளம் கலைந்தால் வளையமும் ஒழுங்கு கெடும். அந்தத் தண்டவாளத்தைக் கலைக்கும் பெண்டிமெத்தலின் களைநாசினி பட்ட வேர்நுனி குண்டாக வீங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.